‘பரவாயில்லை’ என்பது ஓர் அளவா?

“முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது, அம்மா?” என்று சிகிச்சையாளர் கேட்பார். “பரவாயில்லை” என்று பதில் வரும். போன வாரமும் இதே பதில்தான் வந்தது. அடுத்த மாதமும் இதே பதில்தான் வரும்.

‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. வலி குறைந்துவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம். வலி அப்படியேதான் இருக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன் என்றும் பொருள் கொள்ளலாம். இவ்வளவு பாடுபடும் உங்கள் மனம் நோக வேண்டாம் என்றும் பொருள் கொள்ளலாம். இவற்றுள் எது என்று கேட்டவருக்குத் தெரியாது. பல வேளைகளில் சொன்னவருக்கே தெரியாது.

பிசியோதெரபி என்று பலரும் சொல்லும் இயன்முறைச் சிகிச்சையில் இந்த ஒரு சொல் பெரிய சிக்கலை உண்டாக்குகிறது. மாத்திரை தரும் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து சர்க்கரை குறைந்ததா என்று பார்த்துவிடுகிறார். எலும்பு முறிவைச் சரிசெய்தவர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியதா என்று பார்க்கிறார். ஆனால் நடை, நிலைதடுமாற்றம், முதுகு வலி, கை தூக்கும் வலிமை இவையெல்லாம் இரத்தத்திலும் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. அப்படியானால் சிகிச்சை பலன் தருகிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது?

இங்கே இரண்டு கேள்விகள் உள்ளன. ‘இந்தச் சிகிச்சை, இதே நோய் உள்ள பலருக்கும் பலன் தந்திருக்கிறதா?’ என்பது முதல் கேள்வி. இதற்குப் பதில் ஆய்விலிருந்து வர வேண்டும், அதுதான் ஆதாரம். ‘இது எனக்குப் பலன் தருகிறதா?’ என்பது இரண்டாம் கேள்வி. இதற்குப் பதில் அளவீட்டிலிருந்து வர வேண்டும். ஆதாரம் இருந்து அளவீடு இல்லாவிட்டால், ஊருக்கெல்லாம் பலன் தந்தது ஒருவருக்கு மட்டும் பலிக்காமல் போவது யார் கண்ணிலும் படாது. அளவீடு இருந்து ஆதாரம் இல்லாவிட்டால், தானாகவே ஆறியதற்குச் சிகிச்சையின் பேரில் பாராட்டு விழும்.

சிங்கப்பூரருக்கு இது ஏட்டுப் பேச்சு அன்று. 2030-ஆம் ஆண்டுவாக்கில் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், கீழே விழுதல் ஆகிய மூன்றும் வயதோடு கூடுபவை. இயன்முறைச் சிகிச்சையின் வாசலுக்குப் போகாத குடும்பம் இனி அரிதாகவே இருக்கும்.

குணமானது சிகிச்சையாலா, காலத்தாலா?

முதுகு வலியையே எடுத்துக்கொள்வோம். முதுகு பிடித்துக்கொண்டால் தைலம் தேய்க்கிறோம்; ஒத்தடம் கொடுக்கிறோம்; தேக்கா பக்கம் போய் உடம்பு பிடித்துவிடச் சொல்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் வலி போய்விடுகிறது. உடனே, கடைசியாக எதைச் செய்தோமோ அதுதான் குணப்படுத்தியது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

ஆனால் புதிதாக வரும் முதுகு வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணியும் தன்மை உடையவை. மேலும், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் சிகிச்சையைத் தேடிப் போகிறார். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வரும்! ஆகவே ஒன்றுமே செய்யாதிருந்தாலும் அடுத்த வாரம் கொஞ்சம் நன்றாகவே இருந்திருக்கும். இந்த இயற்கையான இறக்கத்தையும் சிகிச்சையின் பலனையும் பிரித்தறிய ஒரே வழி, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான்.

அப்படி ஒப்பிட்டபோது மருத்துவ உலகமே திடுக்கிட்ட கதை ஒன்று உண்டு. முதுகு வலிக்குப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பது பல தலைமுறைகளாக மருத்துவர்கள் சொல்லிவந்த அறிவுரை. 1986-ல் அமெரிக்காவில் 203 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரை 2 நாள் படுத்திருக்கச் சொன்னார்கள். மற்றப் பிரிவினரை 7 நாள். 7 நாள் படுத்தவர்கள் எந்த வகையிலும் கூடுதலாகக் குணமடையவில்லை. வேலைக்குப் போகாத நாட்கள்தாம் அவர்களுக்குக் கூடின. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே இன்னொரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் படுத்து ஓய்வெடுத்தனர். இன்னொரு பிரிவினர் முதுகுக்கான பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்தனர். முதலில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். கடைசியாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்.

பல்லாயிரம் மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடும் அனுபவத்தோடும் சொல்லிவந்த அறிவுரை அது. படுத்திருந்தவர்களும் கடைசியில் குணமானதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. அனுபவம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆதாரம் என்பது எது?

குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிடும் இத்தகைய சோதனைதான் ஆதாரத்தின் அடித்தளம். குலுக்கல் ஏன்? சிகிச்சையாளரே பிரித்தால், தேறக்கூடியவர் என்று தோன்றுபவரைத் தம் சிகிச்சைப் பக்கம் சேர்க்க மனம் சாயும். குலுக்கலுக்கு அந்தச் சாய்வு கிடையாது.

ஒரே சோதனையை நம்பிவிடவும் கூடாது. ஒரே கேள்வியைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் திரட்டிச் சலித்து எடுக்கும் பணியை 1993-ல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு செய்துவருகிறது. இயன்முறைச் சிகிச்சைக்கென்றே ‘பீட்ரோ’ என்ற தகவல் களஞ்சியம் 1999-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடங்கப்பட்டது. எந்த நாட்டுச் சிகிச்சையாளரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். சோதனை எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதற்கு 10-க்கு எத்தனை புள்ளி என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

இந்தச் சல்லடையில் சலித்தபோது சில பழைய நம்பிக்கைகள் நிற்கவில்லை. இங்கிலாந்தின் தேசியச் சுகாதார வழிகாட்டி நிலையம் 2016-ல் வெளியிட்ட முதுகு வலி வழிகாட்டி, கேளா ஒலிக் கருவி, தோல்வழியே மின் அதிர்வு தரும் கருவி, இழுவை, இடுப்புப் பட்டை ஆகியவற்றை முதுகு வலிக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. அதே வழிகாட்டி உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. ‘மெஷின் வைத்தார்கள், சுகமாக இருந்தது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரச் சுகம் உண்மைதான். அது அடுத்த மாதம்வரை நிற்கிறதா, எழுந்து நடக்க வைக்கிறதா என்பது வேறு கேள்வி.

சில பழக்கங்களோ எதிர்பாராத வகையில் வலுப்பெற்றன. முதியோர் விழுவதைத் தடுக்கும் பயிற்சிகளைப் பற்றிய கொக்ரேன் தொகுப்பு 2019-ல் வெளியானது. 108 சோதனைகள், 25 நாடுகள், 23,000-க்கும் மேற்பட்ட முதியோர். பயிற்சி செய்தவர்களிடையே விழும் தடவைகள் 23 விழுக்காடு குறைந்தன. சமநிலைப் பயிற்சியும் தசை வலிமைப் பயிற்சியும் சேர்ந்தபோது இறக்கம் இன்னும் அதிகமாக, 34 விழுக்காடாக இருந்தது. தை சீ பயிற்சிக்கும் பலன் தெரிந்தது. ஆனால் வெறும் நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிட்டவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் அறிவதில்லை. காலையில் அரை மணி நேரம் புளோக்கைச் சுற்றி நடந்துவிட்டு, ‘பயிற்சி முடிந்தது’ என்று நினைப்பவர் பலர். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, விட வேண்டியதில்லை. ஆனால் விழாமல் இருக்க, ஒற்றைக் காலில் நிற்பதும் நாற்காலியிலிருந்து எழுவதும் போன்ற பயிற்சிகள் கூடுதலாக வேண்டும்.

அப்படியானால் ஆய்வு சொல்வதை மட்டும் செய்தால் போதுமா? போதாது. ஆதாரம் சார்ந்த மருத்துவத்துக்கு 1996-ல் டேவிட் சாக்கெட்டும் அவருடைய சக மருத்துவர்களும் தந்த விளக்கம் மூன்று கால் முக்காலி போன்றது: சிறந்த ஆய்வு முடிவு ஒரு கால், சிகிச்சையாளரின் அனுபவத் திறன் ஒரு கால், நோயாளியின் விருப்பமும் சூழலும் ஒரு கால். தமிழருக்கு இது முற்றிலும் புதிதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயுற்றவரின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது. அளவு பார்க்காமல் மருத்துவம் இல்லை என்பது பழைய பாடந்தான்.

நாற்காலியும் கடிகாரமும்

எதைக்கொண்டு அளப்பது? விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உலகெங்கும் பயன்படும் சோதனைகளில் சிலவற்றுக்கு ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும்.

‘எழுந்து நடந்து திரும்பு’ சோதனை 1991-ல் கனடாவில் அறிமுகமானது. கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடியும் உட்கார வேண்டும். எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு எனக் கருத வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையங்கள் வழிகாட்டுகின்றன.

இன்னொன்று, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடிக்குள் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்ற சோதனை. 70 முதல் 74 வயதுள்ள பெண்ணால் 10 முறைகூட எழ முடியாவிட்டால் கால்வலிமை சராசரிக்குக் கீழே என்று பொருள். அதே வயது ஆணுக்கு 12. இவை அமெரிக்க அளவுகள். ஆசியருக்கென்று ஆசிய வல்லுநர் குழு 2019-ல் வேறு அளவுகளை வகுத்தது. 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆவதும், நடைவேகம் விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே இருப்பதும் தசை தளர்ச்சியைத் தேடிப் பார்க்க வேண்டியதற்கான அடையாளங்கள் என்று அக்குழு சொன்னது.

நடைவேகம் என்பது வெறும் எண் அன்று. 12 மீட்டர் அகலமுள்ள சாலையை நினைத்துப் பாருங்கள். விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க 20 விநாடி வேண்டும். 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 15 விநாடி போதும். சிங்கப்பூரில் 2009-ல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ முறையில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால், கடக்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை கூடுதல் நேரம் கிடைக்கிறது. பச்சை விளக்குக்குள் சாலையைக் கடப்பதா, நடுவில் தடுமாறி நிற்பதா என்பதை அந்தச் சில விநாடிகளே தீர்மானிக்கின்றன.

பக்கவாத நோயாளிகளுக்குப் ‘பார்த்தல் குறியீடு’ நெடுங்காலமாகப் பயன்படுகிறது. 1965-ல் ஒரு மருத்துவரும், பார்த்தல் என்ற இயன்முறைச் சிகிச்சையாளரும் சேர்ந்து வெளியிட்டது இது. சாப்பிடுதல், குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குப் போதல், படியேறுதல் என அன்றாடச் செயல்கள் 10; மொத்தம் 100 புள்ளி. சிங்கப்பூரின் சமூக மருத்துவமனைகளிலும் இது பழகிய பெயர். ஆனால் 100 புள்ளி பெற்றவர் தனியாக வாழ முடியும் என்று எண்ணிவிடக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்தார்கள். சமைப்பதும் வெளியே போவதும் அந்தப் பத்தில் இல்லை. எந்த அளவுகோலும் தன்னிடம் கோடு போட்டிருக்கும் இடத்தைத்தான் அளக்கும்.

எவ்வளவு மாறினால் அது மாற்றம்?

முதல் நாள் 15 விநாடி; ஒரு மாதம் கழித்து 14.5 விநாடி. முன்னேற்றமா? அவசரப்படக் கூடாது. ஒரே மனிதர் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் நடப்பார். கடிகாரத்தை அழுத்தும் விரலிலும் வேறுபாடு வரும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய மாற்றத்தைத்தான் மாற்றம் எனலாம்.

அதற்கும் மேலே இன்னொரு படி உண்டு. எண்ணில் தெரியும் மாற்றம் மனிதரின் வாழ்க்கையில் தெரிய வேண்டும். அப்படித் தெரியக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு என்று ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனித்தனியே கண்டறிகிறார்கள். 0 முதல் 10 வரையிலான வலி அளவில் ஏறத்தாழ 2 புள்ளி, அல்லது 30 விழுக்காடு குறைந்தால்தான் நோயாளிகள் ‘நன்றாகவே குறைந்தது’ என்கிறார்கள் என 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது. முதியோரின் நடைவேகத்தில் விநாடிக்கு 0.1 மீட்டர் கூடுவது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். நுரையீரல் நோயாளிகளுக்கான 6 நிமிட நடைச் சோதனையில் ஏறத்தாழ 30 மீட்டர் கூட வேண்டும். வலி 7-லிருந்து 6.5 ஆனதற்கு மகிழ்ந்து அதே சிகிச்சையை ஆறு மாதம் தொடர்வதும், நடைவேகம் உண்மையிலேயே கூடியிருக்கும்போது ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று விட்டுவிடுவதும், இந்த அளவு தெரியாததால் வரும் வினை.

சிங்கப்பூரில் நடந்த சோதனை

அளவுகோலின் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரில் நடந்து 2017-ல் முடிவு வெளியான ‘சேஃப்’ என்ற ஆய்வே சான்று. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் மாட்சார் தலைமையில் நடந்தது அது. கீழே விழுந்து மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, பின் வீடு திரும்பிய மூத்தோர் 354 பேர் இதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்கு 3 மாதம் அவரவர் நிலைக்கேற்ற இயன்முறைப் பயிற்சி தரப்பட்டது. வலிமை, சமநிலை, நடை ஆகிய மூன்றும் படிப்படியாகக் கூட்டப்பட்டன. பார்வைக் குறை, அளவுக்கு மீறிய மாத்திரைகள், வீட்டில் இடறும் பொருள்கள் ஆகியவையும் கவனிக்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்போடு, விழாமல் இருப்பது பற்றிய அறிவுரைத் தாள்கள் தரப்பட்டன.

9 மாதத்தில், பயிற்சி பெறாதவர்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் ஒரு முறையாவது விழுந்தனர். பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் விழுந்தனர். பார்த்தால் குறைவுதான். ஆனால் 354 பேர் மட்டுமே உள்ள சோதனையில் இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். புள்ளியியல் கணக்கில் ‘பலன் உறுதியாகவில்லை’ என்றே சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் ‘பயிற்சியால் பயனில்லை’ என்று செய்தி போயிருக்கும். ஆய்வாளர்கள் இன்னும் இரண்டை அளந்திருந்தார்கள். விழுந்து காயப்பட்டவர்கள் எத்தனை பேர்? பயிற்சி பெற்றவர்களில் இது தெளிவாகவே குறைந்திருந்தது. உடலியக்கத் திறன் எப்படி? நிற்பது, நடப்பது, நாற்காலியிலிருந்து எழுவது ஆகிய மூன்றையும் 12 புள்ளிக்கு அளக்கும் சோதனையில், பயிற்சி பெற்றவர்களின் தளர்ச்சி குறைவாக இருந்தது. ஒரு முறை வழுக்கி மெத்தையில் உட்கார்ந்தவரும் விழுந்தவர்தான். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவரும் விழுந்தவர்தான். முதல் அளவுகோல் இருவரையும் ஒன்றாகவே எண்ணுகிறது. இரண்டாவது அளவுகோல் பிரித்துக் காட்டுகிறது. குடும்பத்தைப் புரட்டிப்போடுவது எது என்று கேட்டால், பதில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. கடுமையான நோய்கள் இரண்டோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பலனில் பெரிய வேறுபாடு இருந்தது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, மற்றவர்களிடையே விழுவதே கணிசமாகக் குறைந்தது தெரிந்தது. ஒரே பயிற்சி எல்லாருக்கும் ஒரே பலனைத் தராது.

இதில் ஓர் ஒழுக்கமும் அடங்கியிருக்கிறது. முதன்மை அளவு எது என்பதை ஆய்வைத் தொடங்குமுன்பே அறிவித்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு நமக்குச் சாதகமான எண்ணைத் தேடி எடுத்து வெற்றி முழக்கம் செய்வது தகாது. ‘சேஃப்’ ஆய்வாளர்கள் முதன்மை அளவில் பலன் உறுதியாகவில்லை என்பதை மறைக்காமல் எழுதிவிட்டு, மற்றவற்றைச் சொன்னார்கள். சிகிச்சை அறைக்கும் இதே ஒழுக்கம் பொருந்தும். எதை அளக்கப்போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

சம்மணமிட்டு உட்கார முடிகிறதா?

இதற்கு ஒரு மறுப்பும் எழுவதுண்டு. ‘மனிதரை எண்ணாக மாற்றிவிட்டால் அன்பு எங்கே? என் வேதனையை 0 முதல் 10 வரையுள்ள கோட்டில் எப்படி வைப்பது?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தமிழில் வலிக்கே எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுத்துப் பிடித்தல், மரத்துப்போதல். நரம்புத் தொல்லையா, தசைப் பிடிப்பா என்று பிரித்தறிய இச்சொற்கள் உதவும். ‘எத்தனை புள்ளி?’ என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டால் இவையெல்லாம் காணாமல் போய்விடும்.

மேலை நாட்டில் உருவான கேள்வித்தாள்களில் தமிழரின் அன்றாடம் முழுவதும் இருக்காது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் தரையில் அமர்ந்து எழுவது ஒரு மூதாட்டிக்கு உயிர்மூச்சாக இருக்கலாம். தேக்கா சந்தையில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவது இன்னொருவருக்கு முக்கியமாக இருக்கலாம். கட்டுமானத் தளத்தில் உழைக்கும் இளைஞருக்கு ஏணி ஏறுவதே பிழைப்பு.

இதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. 1995-ல் கனடாவில் வெளியான ‘நோயாளி தேர்ந்தெடுக்கும் செயல் அளவு’ அது. ‘இந்தத் தொல்லையால் உங்களால் செய்ய முடியாமல்போன முக்கியமான செயல்கள் எவை?’ என்று சிகிச்சையாளர் கேட்பார். நோயாளி தாமே சில செயல்களைச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி இடுவார். 0 என்றால் அறவே முடியவில்லை. 10 என்றால் முன்புபோலவே முடிகிறது. சம்மணமிடுவதும் ஏணி ஏறுவதும் பேரனைத் தூக்குவதும் இதில் வந்துவிடும். எண்ணும் கிடைக்கிறது, அந்த எண்ணுக்குள் மனிதரும் இருக்கிறார்.

மொழியும் இங்கே முக்கியம். நடமாட்டம், தன்னைத்தான் கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைக் கேட்கும் ‘ஈக்யூ-5டி’ போன்ற கேள்வித்தாள்கள் தமிழிலும் உள்ளன. ஆங்கிலத் தாளைப் பேரப்பிள்ளை அவசரமாக மொழிபெயர்த்துச் சொல்ல, பாட்டி தலையாட்டினால், கிடைப்பது பாட்டியின் பதிலா, பேரனின் பதிலா என்று தெரியாது. தமிழ்த் தாள் உண்டா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேட்க வேண்டியவை

சிங்கப்பூரில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011-ல் நிறைவேறிய துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் 2013 முதல் இது நடப்பில் உள்ளது. பதிவு பெற்றவரா என்பதைத் துணைச் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தின் பட்டியலில் யாரும் பார்க்கலாம். உடம்பு பிடித்துவிடும் நிலையம் இளைப்பாற உதவலாம். ஆனால் அது வேறு தொழில்.

பதிவு பெற்றவரிடம் போன பிறகு ஐந்து கேள்விகள் கேட்கலாம். எனக்கு இருக்கும் தொல்லை என்ன? இந்தச் சிகிச்சைக்கு என்ன ஆதாரம்? என் முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்? இன்றைய என் அளவு என்ன? எத்தனை வாரத்தில் எவ்வளவு மாற வேண்டும், மாறாவிட்டால் என்ன செய்வோம்? இவை சிகிச்சையாளரைச் சோதிக்கும் கேள்விகள் அல்ல. நல்ல சிகிச்சையாளர் இவற்றை வரவேற்பார். ஆறு வாரமாகியும் எண் அசையவில்லை என்றால் சிகிச்சை தவறு என்றோ நோயாளி சோம்பேறி என்றோ உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. வழியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் பங்கும் இதில் உண்டு. சிகிச்சை அறையில் செலவாகும் நேரம் வாரத்தில் ஓரிரு மணிதான். மீதி நேரமெல்லாம் வீட்டில். சமூக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் தொடர்சிகிச்சைக்கு வராமல்போவதற்குக் காரணங்களைத் தேடிய சிங்கப்பூர் ஆய்வொன்று 2014-ல் வெளியானது. அதில் பணச் சுமை, உடல்நிலை, குடும்பச் சூழல் எல்லாமே தடைகளாக வெளிப்பட்டன. ஆதாரமுள்ள சிகிச்சையும் போகாவிட்டால் பலன் தராது. முடியாத காரணத்தை மறைக்காமல் சொன்னால், வீட்டிலேயே செய்யும் பயிற்சியைச் சிகிச்சையாளரால் வகுத்துத் தர முடியும்.

எதையும் அளந்து காத்திருக்கக் கூடாத வேளைகளும் உண்டு. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், கால் திடீரென வலுவிழந்தால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995-ஐ அழைக்க வேண்டும்.

மற்றவர்கள் இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம். நகராத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் ஒருவர் துணைக்கு நின்றுகொண்டு, 30 விநாடியில் அப்பாவால் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். எண்ணை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். நல்ல எண்ணாக இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கத் தொடங்கினால், விழுந்து எலும்பு முறிந்த பிறகு ஓடுவதைவிட, முன்னமே சிகிச்சையாளரிடம் போவதற்கு அதுவே போதுமான காரணம்.